கூட்டு மனுவா, வழக்கா, முத்திரைத்தாளா?

சேர்ந்து வாழ முடியாது என்று முடிவாகிவிட்ட பிறகு குமரி மாவட்டத்தில் ஒரு தம்பதிக்கு முன்னால் மூன்று வழி வைக்கப்படும். அதில் இரண்டு வழி வக்கீல் சொல்வது, ஒரு வழி சொந்தக்காரர்கள் சொல்வது. சொந்தக்காரர்கள் வழியை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னாலோ காவல் நிலையத்தில் வைத்தோ "இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி, நகையைத் திருப்பி வாங்கி, நோட்டரி கையெழுத்தும் போட்டுக்கொள்வது. இது விவாகரத்தே இல்லை. இதை நம்பி மறுகல்யாணம் செய்தால் இருதார மணக் குற்றம், 7 வருஷம் வரை தண்டனை. இந்துக்களில் சமுதாய வழக்கப்படியான விவாகரத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டுதான், ஆனால் அப்படி ஒரு வழக்கம் நம் சமுதாயத்தில் காலங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதற்கு நேராகவே கோர்ட்டுக்குப் போய்விடலாம்.

மிச்சம் இரண்டு: இருவரும் சேர்ந்து போடும் பரஸ்பர சம்மத மனு, ஒருவர் மற்றவர்மேல் போடும் வழக்கு.

நம் மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் என்பதால் இங்கே ஒரு விசித்திரம் நடக்கும். ஒரே தெருவில் இரண்டு வீடு, இரண்டிலும் பிரிவு. இந்து தம்பதி ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால் 1955 இந்து திருமணச் சட்டப்படி கூட்டு மனு போடலாம். கிறிஸ்தவ தம்பதிக்கு வெள்ளைக்காரன் காலத்து 1869 விவாகரத்துச் சட்டம். 2001 திருத்தத்தில்தான் பரஸ்பர சம்மதமே உள்ளே வந்தது, அதிலும் எழுதியிருப்பது இரண்டு வருஷம். களியக்காவிளை தாண்டினால் கதை வேறு: கேரள உயர் நீதிமன்றம் 2010லேயே அந்த இரண்டை ஒன்றாக்கியது, 2022ல் அந்த ஒரு வருஷமும் வேண்டாம் என்று நீக்கிவிட்டது. அந்தத் தீர்ப்புகளை இங்கே எடுத்துக்காட்டி வாதாடலாம், ஆனால் அதை நம்பி மறுகல்யாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். (கலப்புக் கல்யாணம் செய்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு ஒரு வருஷம்தான்.)

மனு போட்ட பிறகும் இந்து, கிறிஸ்தவர் இருவருக்குமே 6 மாதக் காத்திருப்பு. இந்து திருமணச் சட்டத்தில் அந்தக் காத்திருப்பு இல்லாமலே முடிக்க அனுமதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்னது. பெரிய சீர்திருத்தம்தான், ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது: பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளைகள் விஷயமும் பேசி முடிந்திருக்க வேண்டும். 2023ல் உச்ச நீதிமன்றம் "மீள முடியாமல் உடைந்த திருமணம்" என்று சொல்லி விவாகரத்து கொடுத்ததைப் படித்துவிட்டு நாகர்கோவிலில் அதையே கேட்பவர்கள் உண்டு. அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம்.

வழக்கு என்றால் கொடுமை, கைவிடல் என்று ஒரு காரணத்தை நிரூபிக்க வேண்டும். வாய்தா மேல் வாய்தா, எதிர்மனு, குறுக்கு விசாரணை, ஒருவர் வளைகுடாவில் இருந்தால் நோட்டீஸ் சேர்வதற்கே நாளாகும். எங்கே போடுவது என்பதிலும் பேதம் உண்டு. சென்னையில் வாழ்ந்து பிரிந்து மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டுக்கு வந்த இந்துப் பெண் 2003 திருத்தத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதே நிலையில் கிறிஸ்தவப் பெண் என்றால் கல்யாணம் நடந்த இடமோ கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடமோ பார்க்க வேண்டும். ஜீவனாம்ச மனுவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, எந்த மதமானாலும் தான் இருக்கும் ஊரிலேயே போடலாம்.

ஆனாலும் வழக்கே சரியான வழி ஆகிற சந்தர்ப்பம் உண்டு. அடி உதை இருந்தால், சம்பளத்தை மறைத்தால், சீதன நகையைத் தராமல் "முதலில் கையெழுத்துப் போடு" என்று நெருக்கினால் கூட்டு மனு பக்கமே போகாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், பணமும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. இழுத்தடிப்பவருக்கு இதில் லாபம் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலும் கிடைக்கும்.

அப்புறம் பிள்ளைகள். என் பார்வையில் கூட்டு மனு ஜெயிக்கும் இடம் இதுதான், ஆனால் கூட்டு மனுக்கள் அதிகம் சொதப்பும் இடமும் இதுதான். "தந்தை விரும்பும்போது குழந்தையைப் பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் சண்டை. யார் விரும்பும்போது, யார் வீட்டில்? அப்பா சவுதியில் வேலை பார்க்கிறார் என்றால் "மாதம் இரண்டு ஞாயிறு" என்பதால் என்ன பிரயோஜனம்? இப்படி எழுதுங்கள்: லீவுக்கு ஊருக்கு வரும் தேதியை ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும், அந்த லீவில் பாதி நாள் குழந்தை அப்பா வீட்டில், மற்ற நாளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு வீடியோ கால். கிறிஸ்துமஸ் ஒரு வருஷம் இங்கே, அடுத்த வருஷம் அங்கே. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு யார் கூட்டிப்போவது என்பதைக்கூட எழுதலாம், அதற்கும் சண்டை வரும். ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது, எந்த மாதத்துக்குள் என்பதும் வேண்டும். "பிள்ளைக்குச் செலவே வேண்டாம், ஆளை விட்டால் போதும்" என்று அம்மா எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது, செலவு பெறும் உரிமை பிள்ளையுடையது. பிள்ளையை அப்பா அம்மா இருவரும் பங்கிட்டு வளர்க்கும் இணைந்த பராமரிப்பைச் சட்டத்திலேயே கொண்டுவரலாம் என்று சட்ட ஆணையம் 2015ல் சொன்னது, சட்டம் வரவில்லை. அதுவரை மனுவில் எழுதும் ஷரத்துகள்தான் கை கொடுக்கும்.

கத்தோலிக்கர்களுக்கு ஒன்று: மறைமாவட்டத் தீர்ப்பாயம் (திருச்சபையின் சொந்த நீதிமன்றம்) திருமணம் செல்லாது என்று சொன்னால் அது கோவிலில் மறுகல்யாணம் செய்வதற்கு. அரசாங்கத்துக்குக் கோர்ட் தீர்ப்பு தனியாக வேண்டும், உச்ச நீதிமன்றம் 1996லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

கூட்டு மனுவைத் தேர்ந்தெடுத்தால் இதையும் பாருங்கள். தீர்ப்பு வரும் வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், தீர்ப்பு வந்த பிறகு அப்பீல் கிடையாது. அதனால் பணம் வாங்குகிறவர் பாதியை மனு போடும் அன்றும், மிச்சத்தை காத்திருப்பு முடிந்து இரண்டாவது முறை ஜட்ஜ் முன் நிற்கும் அன்றும் டிமாண்ட் டிராப்டாக வாங்குங்கள், நகையென்றால் எடை போட்டுப் பட்டியலில் இரண்டு பேரும் கையெழுத்திட்ட பிறகு.