பால்மா பக்கற்றா, பக்கத்து வீட்டுப் பாலா?

இலங்கையில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தேத்தண்ணிதான் வரும். அதில் கலந்திருப்பது பெரும்பாலும் நியூசிலாந்தில் கறந்து, மாவாக்கி, கப்பலில் ஏற்றிய பால். நாட்டின் பால் தேவையில் பாதிக்கு மேல் இப்படித்தான் வெளியிலிருந்து வருகிறது.

பால்மாவைச் சும்மா குறை சொல்ல முடியாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் மாதக்கணக்கில் கெடாது. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை பால் கேட்டால் இரண்டு கரண்டி மாவும் சுடுதண்ணியும் போதும். சத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. முழு ஆடைப் பால்மாவைக் கரைத்த பாலில் புரதமும் கல்சியமும் பசுப்பாலில் உள்ளதைப் போலத்தான். (ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இரண்டையுமே கொடுக்கக்கூடாது.)

சிக்கல் டொலரில் இருக்கிறது. 2021இல் 380 ரூபாவுக்கு வாங்கிய 400 கிராம் பக்கற், அந்த ஒக்டோபரில் 480 ஆனது, 2022 மார்ச்சில் 790. ஒரு பக்கற்றில் ஏறக்குறைய 3 லீற்றர் கரைக்கலாம் என்று வைத்தாலும் லீற்றர் 260 ரூபாவைத் தாண்டியது. அந்த விலைக்கும் கடையில் கிடைக்கவில்லை. வரிசையில் நின்று ஒரு பக்கற் வாங்கினார்கள், தேநீர்க் கடைகளில் பால் தேத்தண்ணியே நின்றுபோனது. விலை மட்டுமில்லை. நியூசிலாந்துப் புல்வெளிகளில் போட்ட டிசிடி (DCD) என்ற இரசாயனம் கலந்திருக்கிறது என்று 2013இல் இங்கே சில பால்மா வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். எங்கோ ஒரு வயலில் போட்டதற்கு எங்கள் அடுப்படி பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போ உள்ளூர்ப் பால்? எங்கள் ஒழுங்கையில் காலை ஆறரைக்குப் போத்தல் வரும். கொதிக்க வைத்தால் மேலே மஞ்சள் ஓடிய ஆடை கட்டும். அந்த மணத்தைப் பக்கற்றில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் காய்ச்சாமல் வைத்தால் பத்து மணிக்குள் திரிந்துவிடும். பண்ணையாளருக்கும் இந்த அவசரம்தான். பால் சேகரிக்கும் இடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய், லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும்வரை அவருக்கு நிம்மதி இல்லை. பல ஊர்களில் காலைப் பாலை மட்டும்தான் எடுக்கிறார்கள். அந்திப் பாலைக் கறந்து என்ன செய்வது என்று கன்றுக்கே விட்டுவிடுகிறார்கள். உலர் வலய நாட்டுப் பசு நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் தரும் என்று குறைசொல்பவர்கள், பாதி நேரம் நாம் கறப்பதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழியாக, பாலுக்குப் பதில் பசுவையே இறக்குமதி செய்தார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஏறக்குறைய 5,000 பசுக்கள் வந்தன. நோய், மலட்டுத்தன்மை, சாவு என்று வாங்கிய பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். குளிர்நாட்டு இரத்தம் ஓடும் பசு நம் வெக்கையில் மூச்சிரைக்கும். அதற்கு நல்ல புல், தவிடு, புண்ணாக்கு, நிழல், வேண்டிய அளவு தண்ணீர் எல்லாம் தடையில்லாமல் வேண்டும். கடன் எடுத்து மாட்டை வாங்கியவர் அடுத்து தீவனத்துக்குக் கடன் தேடினார். மூன்று வழிகளில் எனக்கு ஆகாதது இதுதான்.

இருக்கிற மாட்டுக்கே புல் இல்லாத ஊரில் புது மாடு எதற்கு? மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் பறிபோகின்றன என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியில் உட்கார்ந்தார்கள். அந்தத் தரையைக் காப்பாற்றிக் கொடுப்பதற்கு டொலர் ஒன்றும் தேவையில்லை. அதற்கு அடுத்ததாக, ஊர்ப் பால் சங்கங்களுக்குக் குளிரூட்டும் தொட்டி. அது வந்தால் அந்திப் பாலையும் எடுக்கலாம்.

அதுவரை எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணிக்குப் பக்கத்து வீட்டுப் பால். மாரி மழையில் போத்தல் வராத நாளுக்கு அலுமாரியில் ஒரு பக்கற்.