23,500 ரூபாய் போச்சு: பழைய லேப்டாப் வாங்கும் முன் கீபோர்டைப் பாருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காரைக்குடியில், வெளிநாட்டுப் பழைய லேப்டாப்களைத் துடைத்துப் புதிது மாதிரி அடுக்கி விற்கும் ஒரு கடையில் 23,500 ரூபாயை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வியாபாரம் எல்லா ஊரிலும் நடக்கிறது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு டிடிபி தொழில், அதாவது அச்சுக்குப் போவதைக் கணினியில் அடித்து வடிவமைத்துக் கொடுப்பது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், சாந்திக் கல்யாணம் என்று நாள் முழுக்கத் தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு முறையில்தான் அடிக்கிறேன். இதைக் கடைக்காரத் தம்பியிடம் முதலிலேயே சொன்னேன். அவரும் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, லேப்டாப்பைத் திறந்து 'விநாயகர் துணை' என்று தானே அடித்துக் காட்டினார். அதில்தான் நம்பிக்கை வந்தது. என்டர் பட்டன் மட்டும் இரண்டு வரிசைக்கு உயரமாக நின்றது. "இது என்ன தம்பி, வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். "மாடல் அப்படிக்கா. எல்லாம் ஒண்ணுதான். செட்டிங்ல யூஎஸ் போட்டுட்டா நம்ம கீபோர்டாயிடும்." ரூபாயை எண்ணி வைத்துவிட்டேன்.

அந்த 'எல்லாம் ஒண்ணுதான்' என்பது சுத்தப் பொய். நம் ஊரில் விற்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் ஆன்சி எனப்படும் அமெரிக்க அமைப்பு. என்டர் ஒரே வரிசையில் அகலமாகப் படுத்திருக்கும், இடது ஷிஃப்ட் நீளமாக இருக்கும். முழு அளவுக் கீபோர்டில் 104 பட்டன். இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருப்பது ஐஎஸ்ஓ அமைப்பு, 105 பட்டன். அந்தக் கூடுதல் ஒன்றை நுழைக்க இடது ஷிஃப்டை வெட்டி, அதற்கும் இசட்டுக்கும் நடுவில் வைத்திருப்பார்கள். என்டரும் ஒரு பட்டன் தள்ளிப் போய்விடும். ஜப்பான்காரர்களுடையது இன்னொரு தினுசு, ஸ்பேஸ்பாரே குட்டை.

செட்டிங்கில் மாற்றினால் எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்து என்பதுதான் மாறும். குட்டை ஷிஃப்ட் நீளுமா?

தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாமே ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அடிப்பவை. ஸ்ரீயும் அப்படியே. நான் எப்போதும் இடது ஷிஃப்டைத்தான் பிடிப்பேன் (டைப்ரைட்டிங் பரீட்சை எழுதியவர்கள் சிரிக்கலாம்). வந்த முதல் வேலையே கோட்டையூர் ஆச்சி ஒருவர் வீட்டுச் சஷ்டியப்தபூர்த்திப் பத்திரிகை. அந்த ஒரே சொல்லில் 'ஷ' வருகிறது. சுண்டு விரல் ஷிஃப்டென்று நினைத்து அந்தக் கூடுதல் பட்டனில் விழ, பின்சாய்கோடு (\) விழுந்து, ஷ இருக்க வேண்டிய இடத்தில் ஈ வந்து நிற்கிறது (ஷிஃப்ட் இல்லாமல் அதே பட்டன் ஈ). வரி முடிந்து என்டருக்குப் போனால் அங்கேயும் ஒரு பட்டன் குறுக்கே நின்று இன்னொரு பின்சாய்கோடு. ஒரு பக்கம் அடிக்க மூன்று பக்கத்துக்கான நேரம்.

சந்தேகம் வந்து 3-ஆம் எண் பட்டனை நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் பவுண்ட் குறி. 2-க்கு மேலே மேற்கோள் குறி. இங்கிலாந்து கீபோர்டின் மேல் அமெரிக்க எழுத்து ஸ்டிக்கரை ஒட்டி விற்றிருக்கிறார்கள். தெரியாமல் செய்யும் காரியமா இது?

கடைக்குப் போனால், "கைப்பழக்கம்க்கா, ஒரு வாரத்துல சரியாயிடும்." மறுபடி போனால், "கீபோர்டை மட்டும் மாத்தித் தர்றோம், 2,800 ஆகும்." சரி என்றேன். கழற்றிப் பார்த்துவிட்டு அவர்களே கையை விரித்தார்கள். மேல்மூடியில் பட்டனுக்கான ஓட்டைகளே ஐஎஸ்ஓவுக்கு வெட்டியவை. ஆன்சி கீபோர்டு உட்கார வேண்டுமானால் மூடியையும் மாற்ற வேண்டும். அப்புறம் "ஓனர் வெளியூர்", "சென்னையிலேர்ந்து ஸ்பேர் வரணும்". கடைசியில் பில்லைத் திருப்பிக் காட்டி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்பதை விரல் வைத்து வாசித்தார்கள். என் 23,500 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது போன் அடித்தால் எடுப்பதுகூட இல்லை.

தெரிந்த பையன் ஒருவர் அந்தக் கூடுதல் பட்டனையும் ஷிஃப்டாக மாற்றும் மென்பொருளைப் போட்டுத் தந்தார். இடது பக்கம் ஓரளவு சமாளிக்கலாம். என்டர் பக்கம் அப்படியே கிடக்கிறது. தனிக் கீபோர்டு ஒன்றை யூஎஸ்பியில் மாட்டித்தான் ஆச்சியின் பத்திரிகையை முடித்துக் கொடுத்தேன். 23,500 கொடுத்த லேப்டாப்புக்கு வெளியிலிருந்து கீபோர்டு!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், வேலை குவிந்து கிடக்கிறது. என்டர் உயரமாக இருந்தாலோ இடது ஷிஃப்ட் குட்டையாக இருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். பட்டன்களை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உங்கள் வேலையை உங்கள் கையாலேயே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் அடித்துக் காட்டுவது கணக்கில் வராது. என்ன கீபோர்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன், அடுத்தது சிவகங்கை நுகர்வோர் ஆணையம். உரித்த ஸ்டிக்கரும் பில்லும் ஒரே கவரில் இருக்கின்றன.