கெண்டை இரை: உருட்டியதும் வாங்கியதும்

ஆறு வருடங்களாகக் கெண்டை மீனுக்கான பாய்லி என்ற உருண்டை இரையை வீட்டில் உருட்டுகிறேன். அதே ஆறு வருடங்களாகக் கடைப் பாய்லியும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். "எதுதான் நல்லது, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் திணறுவது இதனால்தான்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். மாவையும் முட்டையையும் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் போட்டு எடுத்த உருண்டைதான் பாய்லி. வெந்ததும் மேலே தோல் கட்டிவிடும். பொடி மீன்கள் எளிதில் கொத்தித் தின்ன முடியாது. கெண்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நொறுக்கிவிடும். 1970களில் இங்கிலாந்தில் ஃபிரெட் வில்டன் என்ற கெண்டைத் தூண்டில்காரர் சத்துள்ள இரை என்ற யோசனையைப் பரப்பிய காலத்தில் இதெல்லாம் அடுக்களை வேலைதான். பாக்கெட் பிறகு வந்தது.

நான் உருட்ட ஆரம்பித்தது காசை மிச்சம் பிடிக்கத்தான். முதல் முறை ரவை பாதி, சோயா மாவு பாதி, மொத்தம் அரைக் கிலோ. மாவைத் தட்டில் கொட்டி ஐந்து முட்டையையும் அதன் தலையில் உடைத்து ஊற்றினேன். தலைகீழ் வேலை. முட்டையை முதலில் அடித்துக்கொண்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று கைக்கே தெரிந்துவிடும். எனக்குக் கிடைத்தது பசை. விரலிலிருந்து பிரிக்கவே கால் மணி நேரம் ஆனது.

அதைவிடப் பெரிய தப்பு வாசனைத் திரவம். அரைக் கிலோவுக்குச் சில மில்லி போதும் என்று புட்டியிலேயே போட்டிருந்தது. நான் கண்ணளவில் ஊற்றினேன். மூக்குக்குப் பிரமாதமாக இருந்தது, வீடு ஒரு வாரம் மணத்தது. மூன்று முறை ஏரிக்குப் போனேன், ஒரு கடி இல்லை. பக்கத்தில் இருந்தவர் வெறும் வேகவைத்த மக்காச்சோளத்தில் இரண்டு கெண்டை எடுத்தார். கெண்டை மீசையாலும் ருசி பார்க்கும். நமக்கு மணமாக இருப்பது அதற்கு நெடியாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது வேலை ஒழுங்காக நடக்கிறது. ஒரு கிலோ மாவுக்குப் பத்து முட்டை. பிசைந்ததை மூடி இருபது நிமிடம் விடுவேன், ரவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு துப்பாக்கி மாதிரியான குழாயில் அடைத்துக் கயிறாகப் பிழிந்து, வரிப்பள்ளம் உள்ள பலகையில் குறுக்கே வைத்து, மேல்பலகையை முன்னும் பின்னும் இரண்டு தேய்ப்பு. ஒரு வரிசை உருண்டை விழும். 15 மில்லிமீட்டர் அளவில் ஒரு கிலோ மாவுக்கு எழுநூறு வரை வரும். ஐம்பது ஐம்பதாகக் கொதிநீரில் ஒன்றரை நிமிடம். ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றை எடுத்து நறுக்கிப் பார்ப்பேன். நடுவில் கருத்த ஈரப்பொட்டு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அப்புறம் வலைத்தட்டில் பரப்பி இரண்டு நாள் காயவிட்டு உறைபெட்டிக்குள். ஒருமுறை அவசரத்தில் சூடாகவே பையில் கட்டிவைத்தேன். மூன்றாம் நாள் உள்ளே வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது.

இத்தனைக்கும் ஒரு மாலைப்பொழுது முழுதாகப் போய்விடும். அந்த நேரத்துக்கும் விலை போட்டால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொருளை மூட்டையாக வாங்கினால்தான் கையைக் கடிக்காது.

கடைச் சரக்கின் பலம் ஒரே சீரான உருவம். கவணில் வைத்து அடித்தால் பத்தும் ஒரே இடத்தில் விழும். என்னுடையவற்றில் சில கோணல், பாதி வழியிலேயே சிதறும். உறையவைத்து விற்பவை நல்ல தரம்தான். ஆனால் வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த பை என் தலையில் கட்டப்பட்டது, திறந்ததும் புளித்த வாடை. அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் வகையில் அந்தத் தொல்லை இல்லை, பதனப்பொருள் சேர்த்திருப்பார்கள். அதில் எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. இரண்டு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் என் உருண்டை, மற்றதில் கடை உருண்டை போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் என்னுடையது உப்பி, வெளுத்து, தண்ணீரைக் கலக்கியிருந்தது. கடையுடையது மேலே ஒரு எண்ணெய் வளையத்தோடு தெளிவான தண்ணீரில் கிடந்தது. நறுக்கினால் உள்ளே காய்ந்த கட்டி. எல்லாக் கடைச் சரக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், நான் வாங்கிய பை அப்படி.

குளிர் மாதங்களில் வீட்டுச் செய்முறை கைகொடுக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் மீனெண்ணெய் கெட்டிப்படும், கெண்டைக்குச் செரிமானமும் மந்தம். அதனால் மீன் தூளைக் குறைத்து, எண்ணெயை விட்டுவிட்டு, பால் பவுடரைக் கூட்டுவேன். கடைப் பையில் எது எவ்வளவு என்று தெரிந்தால்தானே மாற்றுவதற்கு.

மிதக்கும் உருண்டை விஷயத்தில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். தக்கைத் தூள் கலந்து செய்தவற்றில் ஒன்று விர்ரென்று மேலே போகும், ஒன்று அரைமணியில் மூழ்கும். இரை முள்ளில் குத்தப்படாமல் மயிரிழை மாதிரி நூலில் தொங்குகிறபோது அதன் மிதப்பு கணக்காக இருக்க வேண்டும். அதற்குக் கடை டப்பாதான். சின்ன டப்பா, ஆனாலும் வெகுநாள் வரும்.

சரி, மீன் எதில் அதிகம்? இரண்டு பருவம் நோட்டில் குறித்தேன். ஒரே ஏரி, ஒரு கோலில் என் இரை, மற்றதில் கடை இரை. வித்தியாசம் பெரிதாக இல்லை, ஏமாற்றம்தான். நோட்டை மறுபடி புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. நன்றாகப் பிடித்த நாட்களில் பெரும்பாலானவை, முன்பே மூன்று நாள் தொடர்ந்து அந்த இடத்தில் இரை தூவிய நாட்கள். கடைப் பையை வைத்திருக்கும்போது பத்துப் பதினைந்தோடு கை நின்றுவிடும். சொந்த உருண்டை என்றால் இருநூறு அள்ளி வீசுவேன், கூடவே ஒரு வாளி மக்காச்சோளமும். மீன் வந்தது என் மாவின் ருசிக்கு அல்ல, கை தாராளமானதற்கு. குளிரில் அந்தத் தாராளம் ஆகாது, கால்வாசி போதும்.

மக்காச்சோளம் இரண்டையும்விட மலிவு. ஒருநாள் முழுக்க ஊறவைத்து, அரைமணி நேரமாவது வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். காய்ந்த தானியத்தை அப்படியே வீசாதீர்கள். குடலுக்குள் போய் ஊதினால் மீனுக்குத்தான் ஆபத்து.

இதை எழுதும்போது வலைத்தட்டில் எழுநூறு உருண்டை காய்கிறது, மீன் தூள் குறைத்த ஈடு. நாளை மறுநாள் உறைபெட்டியில் இடம் பார்க்க வேண்டும். முள்ளுக்கு, போன வருடம் வாங்கிய மிதவை டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது.