யூனிட்ரீ ஜி1: ஆடும், வடை பரிமாறாது

யூனிட்ரீ ஜி1 மனித வடிவ ரோபோ. சமூக மன்ற விழாவுக்கு வாடகைக்கு எடுக்கலாம். கூட்டம் சேர்ப்பதில் குறையே இல்லை. 132 செ.மீ. உயரம், 35 கிலோ எடை. தள்ளினால் இரண்டு எட்டு பின்வைத்துச் சமாளித்துக்கொள்ளும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், பாட்டிமார் ஒதுங்குவார்கள். ஒதுங்குவதே சரி! அவசர நிறுத்தத்தை அழுத்தினால் மூட்டுகள் தளர்ந்து, நின்ற இடத்திலேயே சரியும். அதனால் இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். மழை ஈரம் பட்ட அடுக்குமாடி புளோக் கீழ்த்தள டைல்ஸில் பாதம் வழுக்கும். ரப்பர் பாய் விரித்தாக வேண்டும்.

பேட்டரி சுமார் 2 மணி நேரம் என்பது கணக்கு. விடாமல் ஆடவிட்டால் அதற்கு முன்பே இறங்கிவிடும், மாற்று பேட்டரி கேளுங்கள். அடிப்படை மாடலுக்கு விரல்கள் கிடையாது, தட்டு ஏந்தும் என்று சொன்னால் நம்பாதீர்கள். நடனம் முன்பே பழக்கியது. ஓரத்தில் ரிமோட்டோடு ஒருவர் நிற்பார். அவர் கூலியும் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள்.