மூன்று நிறத் தாளும் பின்னேரம் வரும் டொக்டரும்

கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் கதிர்ச்சிகிச்சைப் பிரிவைப் பற்றியது இது. பெயர் வேண்டாம், கீழே வரும் குறைகள் வேறு இடங்களிலும் உண்டு. மெஷின் என்ன மொடல், வெயிற்றிங் ரூமில் ஏசி வேலை செய்கிறதா என்பதெல்லாம் விசாரித்தால் தெரியும். படம் எடுத்துப் பார்த்துக் கதிர் பாய்ச்சும் இடத்தில் முதலில் கேட்கவேண்டியது வேறு: அன்றைய படத்தைப் பார்த்து "சரி, குடுக்கலாம்" என்று சொல்வது யார்?

புற்றுநோய் நிபுணர்கள் பலர் பகலில் மகரகமை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நிற்பார்கள். தனியார் பக்கம் வரப் பின்னேரம் ஆகிவிடும். ஸ்கேனில் கட்டியைச் சுற்றிக் கோடு வரைந்து எத்தனை கிறே (கதிரின் அளவு) என்று தீர்மானிப்பவர் டொக்டர். திட்டம் போட்டு அளந்து சரிபார்ப்பவர் பௌதிகவியலாளர். காலை 9 மணிக்கு நோயாளியின் சலப்பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் காண்பவரோ மெஷினை இயக்கும் தெரப்பி ரேடியோகிராபர் மட்டும்தான்.

இங்கே கொன்சோலுக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உறுப்புக்கு உறுப்பு வேறு தாள், ஒவ்வொன்றிலும் டொக்டரின் கையெழுத்து. புரொஸ்டேட் தாள் மிக நல்லது. முன்பு 37 நாளில் 74 கிறே கொடுத்த சிகிச்சையை இப்போது 20 நாளில் 60 கிறேயாக முடிக்கிறார்கள்; நாளுக்கு 3 கிறே என்பதால் ஒரு நாள் பிசகினாலும் பாதிப்புக் கூட. புரொஸ்டேட் சுரப்பி, டொக்டர் வரைந்த கோட்டுக்குள் நின்று, இரண்டு ரேடியோகிராபர்களும் ஒத்துக்கொண்டால் பச்சை: கட்டிலைச் சில மில்லிமீற்றர் நகர்த்திவிட்டுக் கொடுக்கலாம். மலக்குடலில் வாயு நின்றால் மஞ்சள்: ஆளை இறக்கி, கழிவறைக்கு அனுப்பி, தண்ணீர் குடிக்க வைத்து, அரை மணித்தியாலம் கழித்து மறுபடி படம். ஏன் கட்டிலை நகர்த்திச் சமாளிக்க முடியாது? வாயு சுரப்பியை முன்னுக்குத் தள்ளிச் சரித்துவிடும், அதை ஒட்டியிருக்கும் விந்துப்பைகள் வேறு பக்கம் போகும். ஒன்றைக் கோட்டுக்குள் கொண்டுவந்தால் மற்றது வெளியே நிற்கும். கம்பியூட்டரை நம்பினாலோ அது இடுப்பெலும்பைத் திட்ட ஸ்கேனோடு பொருத்திவிட்டு எல்லாம் சரி என்று காட்டும். எலும்பு அசையாது, சுரப்பிதான் அசையும். இரண்டாவது படமும் சரிவராவிட்டால் சிவப்பு: கொடுக்காமல் டொக்டரைக் கூப்பிடவேண்டும்.

ஒரே திசையில் மூன்று நாள் தொடர்ந்து 4 மில்லிமீற்றர் நகர்த்த வேண்டிவந்தால் பௌதிகவியலாளருக்குச் சொல்லவேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. நாளுக்கொரு பக்கம் விலகினால் அது சாதாரண அசைவு. ஒரே பக்கம் என்றால் திட்டத்துக்கான ஸ்கேன் அன்றே ஏதோ பிசகியிருக்கலாம். அனுபவப்பட்டவர்கள் எழுதிய தாள் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இனிக் குறைகள். சிவப்புக் கட்டத்துக்குக் கீழே இருப்பது டொக்டரின் மொபைல் நம்பர் ஒன்றே ஒன்று. அவர் கிளினிக்கில் இருந்தால் எடுக்கமாட்டார். நிரம்பிய சலப்பையோடு நோயாளி கட்டிலில் காத்திருப்பார். பதில் டொக்டர் ஒருவரின் பெயர் அதில் இல்லவே இல்லை. தலை-கழுத்துச் சிகிச்சையில் ஆள் அசையாமல் இருக்க மாஸ்க் போடுவார்கள்; அந்தத் தாளில் "மாஸ்க் தளர்ந்தால் அறிவிக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. எத்தனை மில்லிமீற்றர் இடைவெளி, எத்தனை கிலோ மெலிந்தால்? அளவு எழுதாத இடத்தில் ஆளுக்கு ஆள் முடிவு மாறும். மெலிந்த கழுத்து மாஸ்க்குக்குள் திரும்பினால் முள்ளந்தண்டு வடத்துக்குப் போகும் கதிர் கூடக்கூடும் என்பதால், இதை ஊகத்துக்கு விடக்கூடாது.

இடது மார்புச் சிகிச்சையில் மூச்சை ஆழ இழுத்து 20 செக்கன் அளவில் பிடிக்கச் சொல்வார்கள்; நுரையீரல் விரிய, இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகும். இங்கே அந்தக் குரல் பதிவு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ் மட்டும் தெரிந்த அம்மா தலையாட்டிவிட்டு அரை மூச்சு இழுப்பார். மூச்சு குறித்த மட்டத்தை எட்டாததால் கதிர் நின்றுவிடும். "இவவால ஏலாது" என்று குறிப்பு எழுதப்பட்டு டொக்டரிடம் போகும். அவரும் கொப்பியைப் பார்த்து, சாதாரண மூச்சிலேயே கொடுக்கச் சொல்லக்கூடும். பதிவு செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஆழமா மூச்சை இழுங்கோ, அப்படியே பிடியுங்கோ, இப்ப விடுங்கோ.