டெக்சாஸில் அர்ஜென்ட் கேர் என்று நம்பி எமர்ஜென்சி ரூமுக்குள் நுழைந்துவிடாதீர்கள்

டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கடைவரிசைகளில் மளிகைக் கடைக்கும் காப்பிக் கடைக்கும் பக்கத்தில், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சிறு மருத்துவ நிலையங்களில் பல, உயிராபத்தில்லாத சிறு உபாதைகளை உடனே பார்க்கும் அர்ஜென்ட் கேர் கிளினிக்குகள் அல்ல. அவை எந்த மருத்துவமனையோடும் சேராமல் தனியே இயங்கும் எமர்ஜென்சி ரூம்கள். 2009இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று, மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஈடான கட்டணம் வாங்குபவை.

ஒரு ஞாயிறு இரவு எங்கள் மகளுக்குக் கடும் காதுவலி. வழக்கமான அர்ஜென்ட் கேர் மூடியிருந்ததால் அப்படியோர் இடத்துக்குப் போனோம். இது அர்ஜென்ட் கேர்தானா, எங்கள் இன்சூரன்ஸ் இங்கே செல்லுமா என்று வரவேற்பு மேசையில் தெளிவாகவே கேட்டேன். "அவசரமாக வருகிற எல்லோரையும் பார்க்கிறோம், உங்கள் இன்சூரன்ஸையும் ஏற்கிறோம்" என்றார்கள். கையெழுத்துக்காக நீட்டிய டேப்லெட்டில் அந்தப் பணியாளரே பக்கங்களை விறுவிறுவென்று தள்ளி, கையெழுத்துக் கட்டத்தை மட்டும் காட்டினார். ஃபெசிலிட்டி ஃபீ, அதாவது மருத்துவருக்கான கட்டணம் போக நிலையமே வாங்கும் கட்டணம், குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்ற அறிவிப்பு அந்தப் பக்கங்களுக்குள்தான் இருந்தது என்பது, பிறகு நகல் கேட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது. மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து அமாக்ஸிசிலின் எழுதிக்கொடுத்தார். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதுவும் இல்லை. அதற்கு நிலையத்தின் பெயரில் ஒரு பில், மருத்துவரின் பெயரில் இன்னொரு பில், இரண்டும் சேர்ந்து ஆயிரம் டாலருக்கு மேல். காது வலியால் துடிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் பெற்றோரிடம் இப்படி நடந்துகொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த நிலையம் எங்கள் இன்சூரன்ஸின் நெட்வொர்க்கிலேயே, அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் செய்துகொண்ட இடங்களின் பட்டியலிலேயே, இல்லை. நெட்வொர்க்கில் இல்லாத நிலையம் ஒரு இன்சூரன்ஸை ஏற்பதாகச் சொல்லிக்கொள்வதை 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த டெக்சாஸ் சட்டம் தடை செய்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள 'நோ சர்ப்ரைசஸ்' கூட்டாட்சிச் சட்டமும், இத்தகைய இடங்களில் பெறும் அவசர சிகிச்சைக்கு நெட்வொர்க் அளவுக்கு மேல் நம்மிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது. ஆனால் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நாமே கட்ட வேண்டிய தொகை, முடியாதவர்களுக்கு இது முழு நிவாரணமாகாது. நெட்வொர்க் கணக்கில் வருகிற எமர்ஜென்சி தொகையையே அவர்கள் தம் கையிலிருந்து கட்ட நேரிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நாம் எடுக்கும் பயணக் காப்பீட்டுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது என்பதால், அவர்களை அழைத்துப் போகும்போது இரட்டிப்பு கவனம் தேவை.

ஆகவே "இன்சூரன்ஸ் எடுப்பீர்களா" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "உங்கள் உரிமம் எமர்ஜென்சி நிலையத்துக்கானதா, எனக்கு ஃபெசிலிட்டி ஃபீ வருமா, என் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா" என்று கேளுங்கள். கட்டண அறிவிப்பைக் காகிதத்தில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். ஒரே கூரையின்கீழ் இரண்டு சேவையும் நடத்தும் இடங்களில், எந்தப் பிரிவில் பதிகிறார்கள் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். காதுவலி, தொண்டைவலி, சாதாரணக் காய்ச்சல், சுளுக்கு, சில தையல் போடும் அளவிலான வெட்டுக்காயம் ஆகியவற்றுக்கு அர்ஜென்ட் கேர் போதும். இரவானால், உங்கள் இன்சூரன்ஸ் அட்டையின் பின்புறம் நர்ஸ் உதவி எண் இருக்கிறதா என்று பார்த்து முதலில் அழையுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், நிற்காத ரத்தப்போக்கு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் பணத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது. பெரியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ என்று தோன்றினால் உடனே 911. தனி நிலையத்தில் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் இருக்காது, அங்கிருந்து மறுபடியும் ஆம்புலன்ஸில்தான் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

ஏற்கெனவே சிக்கியவர்கள், இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுக்கிறது, உங்கள் பங்கு எவ்வளவு என்று அது அனுப்பும் ஈஓபி விளக்கக் கடிதம் வரும்வரை பணம் கட்ட வேண்டாம். விவரமான பில்லைக் கேட்டு வாங்கி, எமர்ஜென்சி சிகிச்சையின் நிலையைக் குறிக்கும் 99281 முதல் 99285 வரை உள்ள குறியீடுகளில் எது போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எண் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எங்களுக்கு 99284 போட்டிருந்தார்கள். அதை எதிர்த்து இன்சூரன்ஸிலும், உரிமம் வழங்கும் டெக்சாஸ் சுகாதார மற்றும் மனித சேவைகள் ஆணையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம்.