மாதுங்கா நூலகத்தின் இணையதளமும் ஜாங்கோவும்: பராமரித்தவரின் மதிப்புரை

மும்பை மாதுங்காவில் ஒரு பழைய அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இயங்கும் சிறிய தமிழ் நூலகத்தின் இணையதளத்தை 2019 முதல் நான் பராமரித்து வருகிறேன். ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள், முந்நூறு சொச்சம் உறுப்பினர்கள், மாலை வேளையில் மட்டும் திறக்கும் ஒரு கூடம் என்பதுதான் அந்த நூலகத்தின் அளவு. தளம் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்னும் ஃபிரேம்வொர்க்கில், அதாவது இணையதளம் கட்டுவதற்கான ஆயத்த நிரல் சட்டகத்தில், அமைந்தது. ஃபிரேம்வொர்க்குகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை நிறுவுவது எளிதா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. நிறுவுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன்பின் வந்த ஆண்டுகள் முழுவதும் பராமரிப்பிலேயே கழிந்தன. ஆகவே ஜாங்கோவின் 2.2ஆம் பதிப்பில் தொடங்கி 3.2, 4.2 வழியாக 5.2 வரை ஒரே தளத்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் என்ற முறையில், பராமரிப்பை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நூலகத்துக்கு இதற்கு முன்பும் ஒரு தளம் இருந்தது. அதை அமைத்துக் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு புதிய நூலின் விவரத்தையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் பதில் வருவதே நின்றுபோயிற்று; டொமைன் பெயரும் அவர்கள் கணக்கில்தான் இருந்தது. அந்த அனுபவத்தால், நூல் விவரத்தை நூலகத்தில் இருப்பவரே பதிவு செய்ய வேண்டும், அதற்கு நிரலாளரின் துணை தேவைப்படக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டு தேடினோம். ஜாங்கோவைத் தேர்ந்தெடுக்க, தளத்தின் விவரங்களை உள்ளிடவும் திருத்தவும் அது தரும் அட்மின் பக்கம் ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

அந்தப் பக்கத்தின் அருமை அது பிறந்த இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டு ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தங்கள் அன்றாட வேலைக்காக உருவாக்கியதே ஜாங்கோ. 2005 ஜூலையில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது. நிரல் அறியாத செய்தியாளர்கள் அவசரத்தில் தகவலை உள்ளிட வேண்டிய சூழலில் வளர்ந்ததால், தரவின் அமைப்பை ஒருமுறை எழுதிவிட்டால் அதற்கான உள்ளீட்டுப் படிவத்தைத் தானே உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது. எங்கள் நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் மாமா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தும் பெயர்கள் வரிசையாக விழுவதைப் பார்த்துவிட்டு, "ஒரே ஆசிரியரை இனிமே மூணு விதமா எழுத வேண்டாம், இல்லையா?" என்று கேட்டார். பழைய அட்டவணையில் அவர் பட்ட பாடு அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது. அட்மினின் தமிழாக்கம் முழுமையாக இல்லாததால் சில பொத்தான்கள் தமிழிலும் சில ஆங்கிலத்திலும் தெரிகின்றன. மாமாவுக்கு அது ஒரு தடையாக இருந்ததில்லை.

நிறுவுதலில் ஜாங்கோ புதியவரை ஓரிடத்தில் கட்டாயம் தடுக்கும். நம் கணினியில் அழகாக ஓடிய தளத்தைச் சர்வரில் ஏற்றி, பிழைகளின் விவரத்தைத் திரையில் காட்டும் டீபக் அமைப்பை அணைத்த உடனே, நிறமும் ஒழுங்கும் இழந்து வெறும் எழுத்துகளாகப் பக்கம் நிற்கும். டீபக் அணைந்திருக்கையில் படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் ஜாங்கோ வழங்காது. அவற்றை ஓரிடத்தில் திரட்டி, வழங்கும் வேலையை என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பயந்து டீபக்கை அணைக்காமலே தளத்தைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. பிழை நேரும்போது நிரலின் உள்விவரங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டுவிடுவது உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை வைத்திருக்கும் தளத்துக்குப் பெரும் ஆபத்து. வெளியிடுவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே 'செக் டிப்ளாய்' என்னும் கட்டளை இருக்கிறது; அது சொல்லும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டே தளத்தைத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் அறிய வேண்டிய குறை, பக்கங்களின் இணைய முகவரி உருவாக்கத்தில் இருக்கிறது. தலைப்பிலிருந்து முகவரித் துண்டை உண்டாக்கும் ஸ்லக் வசதி இயல்பாக ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும். தமிழ் உள்ளிட்ட யூனிகோட் எழுத்துகளை அனுமதிக்கும் வழி 1.9ஆம் பதிப்பில் வந்தது. அதை இயக்கி, 'சிறுகதை' என்று ஒரு பிரிவுக்குப் பெயர் கொடுத்தபோது முகவரியில் 'சறகத' என்று வந்து நின்றது. எழுத்து எது என்று முடிவு செய்ய ஜாங்கோ நம்பியிருக்கும் பைத்தானின் ரெகெக்ஸ் (எழுத்துக் கோவைகளைப் பொருத்திப் பார்க்கும்) விதி, நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதுவதில்லை. ஆகவே அவற்றைக் களைந்துவிட்டு குறி ஏறாத எழுத்து வடிவங்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. உயிர்மெய்யே மொழியின் உடலாக இருக்கும் நமக்கு இது சிறு குறை என்று தோன்றவில்லை. நான் முகவரிகளில் நூலின் வரிசை எண்ணையே பயன்படுத்திவிட்டேன். தமிழ் முகவரிதான் வேண்டும் என்பவர்கள் சொந்தமாக ஒரு செயற்கூறு எழுதுவதோடு, முகவரியைப் பொருத்தும் இடத்தில் ஸ்லக் வகையை விட்டுவிட்டு, தமிழ் எழுத்தையும் ஏற்கும் ஸ்ட்ரிங் வகையைக் கொடுக்க வேண்டும்.

அகர வரிசையிலும் இதே கவனம் தேவை. யூனிகோட் எண்களின்படி அடுக்கினால் 'ந'வுக்கு அடுத்து 'ன'வும், 'ர'வுக்கு அடுத்து 'ற'வும் வந்துவிடும். 3.2ஆம் பதிப்பிலிருந்து கொலேஷனை, அதாவது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை, தரவின் புலத்திலேயே குறிப்பிட முடிகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ள, ஐசியு என்னும் யூனிகோட் நிரலகம் தரும் தமிழ்க் கொலேஷனைக் கொடுத்ததும் ஆசிரியர் பட்டியல் நம் முறைப்படி அமைந்துவிட்டது.

பதிப்பு உயர்த்தும் வேலையை இனிப் பார்க்கலாம். எட்டு மாதங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. அவற்றுள் நீண்டகால ஆதரவு பெற்றவற்றுக்கு மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 5.2 வெளியானது 2025 ஏப்ரலில் என்பதால் 2028 ஏப்ரல் வரை கவலையில்லை. தேதிகள் முன்கூட்டியே தெரிவது எங்களைப் போன்ற தன்னார்வ அமைப்புக்குப் பேருதவி. நீக்கப்படப்போகும் வசதிகளையும் திடீரென்று நீக்குவதில்லை. முன்பதிப்புகளிலேயே எச்சரிக்கை வந்துவிடுகிறது. எச்சரிக்கைகளைக் காட்டும்படி பைத்தானை இயக்கிச் சோதனைகளை ஓட்டினால், அடுத்த பதிப்பில் உடையப்போகும் வரிகள் எல்லாம் இன்றே தெரிந்துவிடும்.

அப்படியும் ஒருமுறை இடறினேன். 3.2இலிருந்து 4.2க்கு மாறிய அன்று மாலை மாமா அழைத்து, அட்மினுக்குள் நுழைய முடியவில்லை, 403 (அனுமதி மறுப்பு) என்று வருகிறது என்றார். 4.0 முதல் படிவம் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதை ஜாங்கோ கூடுதலாகச் சரிபார்க்கிறது. எங்கள் சர்வரில் பாதுகாப்பான இணைப்பை (ஹெச்டிடிபிஎஸ்) என்ஜின்எக்ஸ் ஏற்று, உள்ளே ஜாங்கோவுக்குச் சாதாரண இணைப்பாக (ஹெச்டிடிபி) அனுப்பிக்கொண்டிருந்தது; பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ் என்று சொல்ல, ஜாங்கோ ஹெச்டிடிபி என்று நினைக்க, இரண்டும் பொருந்தாமல் கதவு சாத்தப்பட்டது. அசல் இணைப்பின் வகையை என்ஜின்எக்ஸ் தெரிவிக்கும்படியும் ஜாங்கோ அதை நம்பும்படியும் இரண்டு வரிகள் சேர்த்ததும் சரியாயிற்று. இந்த மாற்றம் 4.0இன் வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாகவே இருந்தது, நான் 4.2இன் குறிப்பை மட்டும் படித்திருந்தேன். இடைப்பட்ட பதிப்புகளின் குறிப்புகளையும் விடாமல் படித்தாக வேண்டும். தரவுத்தளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 5.2க்குக் குறைந்தது போஸ்ட்கிரெஸ் 14 வேண்டும், பைத்தானும் 3.10க்குக் குறையக் கூடாது.

செலவு என்று பார்த்தால் மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஒரு ஜிபி நினைவகம் உள்ள சிறிய சர்வரே எங்கள் நூலகத்துக்குப் போதுமாக இருக்கிறது. இரவுதோறும் தரவுத்தளப் பேக்கப் எடுக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்தும் பார்க்கிறேன். இவை போக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை திருத்தங்களை ஏற்றுவதற்காகப் போய்விடுகிறது.

முகவரியும் திறந்திருக்கும் நேரமும் நான்கு படங்களும் மட்டும் காட்ட விரும்பும் கடைக்கோ சபாவுக்கோ ஜாங்கோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலையான பக்கங்களே அதற்குத் தாராளம். உறுப்பினர், இருப்பு, கடன், நிலுவை என்று ஒன்றோடொன்று தொடர்புள்ள விவரங்களை நிரல் அறியாத ஒருவர் நாள்தோறும் கையாள வேண்டியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க ஓர் ஆளும் இருந்தால், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: டொமைனை முதல் நாளே அமைப்பின் பெயரில் பதிவு செய்து, அதன் கடவுச்சொல்லைக் குறைந்தது இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.